பூச்சும் புகைபோக்கியும்

பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சுங்குவார்சத்திரத்தை நெருங்குகையில், அங்குள்ள ஆலைகளை நம்பி எழும்புகிற வாடகைக் குடியிருப்புகளும், அந்த ஆலைகளில் உழைத்துப் பொருள் சேர்த்தவர்கள் கட்டுகிற சொந்த வீடுகளும் சாரம் கட்டிய கோலத்தில் இருமருங்கும் தென்படும். இவ்வீட்டுக்காரர்களிடம் தரைக்கு எந்த ஓடு, வாசற்கதவுக்கு எந்த மரம் என்று விசாரித்தால் நிமிஷத்தில் பதில் வரும். கொத்தனாரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 'பூச்சு வேலை' என்று எழுதியிருக்கிறதே, அதற்குள் என்னென்ன அடக்கம் என்று கேட்டாலோ அநேகமாக மௌனம்தான் விடை. கொத்தனாரின் பாஷையைத் தெரிந்துகொள்ளாத குறை, இரண்டு மழைக்காலம் கழிந்தபின் சுவரில் வெடிப்பாகவும் பொருமலாகவும் வெளிப்படும்.

இந்தப் பக்கத்துக்குச் சாந்தும் சுதையும் புதிய சமாசாரமல்ல. காஞ்சி கைலாசநாதர் கோயிலில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் சுவர்களின்மேல் சுதை பூசி வர்ணம் தீட்டியிருந்த சுவடுகளை இன்றும் காணலாம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதிலுள்ள கரியமில வாயு பிரிந்துபோகிறது. எஞ்சியதைத் தண்ணீர்விட்டு நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று அது மறுபடியும் கல்லாகிறது. அந்தச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரையும் பனைவெல்லக் கரைசலையும் சேர்ப்பது நம் சம்பிரதாயம். செட்டிநாட்டாரோ அத்துடன் திருப்தியடையாமல், பூச்சின்மேல் பூச்சாகப் பூசி, முட்டையின் வெண்கருவைக் கலந்த கடைசிப் பூச்சைத் தேய்த்து மெருகேற்றி, தொட்டால் பளிங்கோ என்று சந்தேகிக்கும்படியான சுவர்களைச் சமைத்தார்கள். வயதானவர்கள் 'காரை பெயர்ந்துவிட்டது' என்று சொல்கிறபோது நினைவில் வைத்திருப்பது இந்தச் சுண்ணாம்புப் பூச்சைத்தான். அதற்கு வேண்டிய அவகாசம் இன்றைய ஒப்பந்தக்காரருக்குக் கிடையாது.

ஆகவே, இன்று பூச்சு என்றால் சிமெண்டும் மணலும்தான். மணலிலும் ஆற்று மணலின் ஸ்தானத்தை எம்-சாண்ட் பிடித்துக்கொண்டது. கான்கிரீட்டுக்கு உரிய எம்-சாண்டையே பூச்சுக்கும் உபயோகித்தால் சுவர் சொரசொரப்பாகும் என்பதால், இன்னும் நைசான பி-சாண்ட் தனியாக விற்கிறது. இரண்டில் எது வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது உத்தமம். 'ஒன்றுக்கு ஐந்து' என்று கொத்தனார் சொன்னால் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்று பொருள்; கூரையின் அடிப்பாகத்துக்கு ஒன்றுக்கு நான்காவது வேண்டும். உட்சுவருக்குச் சாதாரணமாக 12 மி.மீ. கனம் போதும். கான்கிரீட் தூணின் வழுவழுப்பான முகத்தில் கலவை பிடிக்காதாகையால் முன்கூட்டியே கொத்துவிட வேண்டும். தூணும் செங்கல்லும் சேருமிடத்தில் கம்பிவலை அடிக்காமல் பூசினால், பிற்பாடு அந்தக் கோட்டிலேயே வெடிப்பு ஓடும்.

இவையெல்லாம் ஆனபிறகு, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துச் சுவரில் ஆங்காங்கே புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்க்கிறார்கள். சூட்சுமம் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. கட்டும்போது சுவர் கோணலாகிப் போயிருந்தால் புள்ளி வைக்கும்போதே அம்பலமாகிவிடும். அதை மறைப்பதற்காக ஒரே மூச்சில் இரண்டங்குலம் கலவையை அப்பிவிட்டால், பூச்சு தன் பாரத்தாலேயே சுவரைவிட்டு விலகி, விரலால் தட்டும்போது உள்ளே பொள்ளல் இருப்பதைக் காட்டும். வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்தன்று வந்து நிற்பதைக் காட்டிலும் புள்ளி வைக்கிற நாளில் வந்து நிற்பது அதிகப் பிரயோஜனமுள்ளது. அப்புறம் ஏழு நாளாவது சுவர் காயாமல் தண்ணீர் விட வேண்டும். சித்திரை வெயிலில் சித்தாள் காலையில் ஒரு தரம் தெளித்துவிட்டுப் போவது எந்த மூலைக்கு?

தண்ணீர் விடும் தொல்லையே இல்லை என்று விளம்பரமாகிற ஜிப்சம் பூச்சு உட்சுவருக்கு அழகானதுதான். தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரையும் சுபாவமுடையதாகையால் குளியலறைக்கும் வெளிச்சுவருக்கும் ஆகாது.

இனி நெருப்பின் பக்கம். சுங்குவார்சத்திரத்து வெயிலில் கணப்பு வேண்டுமென்று எவரும் கேட்கப்போவதில்லை. ஆயினும் உதகையிலோ கோடைக்கானலிலோ பழைய பங்களா ஒன்றை வாங்குகிறவருக்கு அது வந்து சேரும். கணப்பின் குழி ஆழமில்லாமல், பக்கச் சுவர்கள் அறையை நோக்கிச் சாய்வாக விரிந்து, புகை ஏறும் கழுத்து குறுகலாக இருந்தால்தான் புகை மேலேயும் வெப்பம் அறைக்குள்ளும் போகும் என்று ரம்ஃபோர்டு பிரபு 1796-இலேயே விளக்கியிருக்கிறார். அதன் உட்புறத்துக்குத் தீச்செங்கல்லும் தீக்களிமண்ணுமே உரியவை. சிமெண்டைப் பூசினால், அதற்குள் பிணைந்திருக்கும் நீரை நெருப்பு வெளியேற்றிவிட, பூச்சு உதிரும். விறகடுப்பைக் களிமண்ணால் மெழுகிய நம் பாட்டிமார்களின் அனுபவமும் இதுவே.

இப்போதைய சமையலறையில் சிம்னி என்பது எரிவாயு அடுப்புக்குமேல் தொங்கும் மின்சாரப் பெட்டி. அதன் குழாய் வெளியேறுவதற்கு, பெரும்பாலும் ஆறங்குல விட்டமுள்ள துளையைப் பூச்சுக்கு முன்பே சுவரில் விடச் சொல்ல வேண்டும். பிற்பாடு துளைத்தால் சுற்றிலும் பூச்சு பெயரும். துளை வெளிப்பக்கம் சற்றே சரிவாகவும் இருக்கட்டும். இல்லாவிடில் ஐப்பசி மழை அடுப்பு மேடைக்கே வந்துவிடும்.