ஷாக் பலிப்பதும் பலிக்காததும்

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒருவர் பேச்சுமூச்சின்றி விழுந்தால், ஒருவர் சோடா வாங்க ஓடுவார், இன்னொருவர் விழுந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். 108 கிளம்பியிருக்கும், சாயங்கால நெரிசலில் கிளாம்பாக்கத்தைத் தாண்டி வரவேண்டுமே! இதயத்துக்குக் கொடுக்கும் மின் ஷாக் பலிக்குமா என்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் முடிவாகிறது.

திடீர் இதய முடக்க நிலையில் பலருக்கு இதயம் உடனே அடங்கிவிடுவதில்லை. கீழறைகள் தாறுமாறாக அதிர்கின்றன. மருத்துவர்கள் இதை வி.எஃப். என்பார்கள். இ.சி.ஜி. திரையில் முதலில் உயரமான கொந்தளிப்பு. ரத்தம் கிடைக்காத தசை சோரச்சோர அலை குட்டையாகி, கடைசியில் நேர்கோடு. உயர்ந்த அலையில் ஷாக் பலிக்க வாய்ப்பு அதிகம். அலையின் உயரத்தையும் வேகத்தையும் ஒரே எண்ணாக்கி, இப்போதே கொடுக்கலாமா, இன்னும் மார்பை அழுத்திவிட்டா என்று கணிக்கும் முறைக்குப் பெயர் ‘ஆம்சா’. ஆனால் அதை நம்பி சிகிச்சையை முடிவு செய்வதன் பயன் நிறுவப்படவில்லை என்றே அமெரிக்க இதயக் கழகத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது.

கையால் செய்யும் முதலுதவி என்னவோ எளிது. நடுமார்பில் குறைந்தது 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். சும்மா நின்றால் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் சரியும். அழுத்தினால் சரிவு பாதியாகும். தானே துடிப்பை ஆராய்ந்து ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. பெட்டி கிடைத்தால் வியர்வையைத் துடைத்து, ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழும் ஒட்டுங்கள். தேவையில்லாதவருக்கு ஷாக் கொடுக்க அது சம்மதிக்காது.

‘கேஸாகிவிடுமோ’ என்ற பயம்? மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ சாலை விபத்தில் உதவுபவருக்கு மட்டும்தான். மற்ற இடங்களில் கைகொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 30: சம்மதம் கேட்க வழியில்லாதபோது, அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமல்ல.

மருத்துவமனை அரசோ தனியாரோ, உயிர்காக்கும் முதல் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1989 பரமானந்த் கட்டாரா தீர்ப்பு. ‘முதலில் பணம் கட்டுங்க’ என்பதற்கு அங்கே இடமில்லை. அதேசமயம், நேர்கோட்டுக்கு ஷாக் கொடுக்கவில்லை என்று டூட்டி டாக்டரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். சினிமா காட்டுவது தப்பு. அந்த நிலையில் ஷாக் பயன்படாது, அழுத்தமும் மருந்தும்தான் வழி.

சிகிச்சையில் சந்தேகம் இருந்தால் நேரம் பதிந்த இ.சி.ஜி. தாளோடு சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். வி.எஃப். தெரிந்த நேரத்துக்கும் முதல் ஷாக்குக்கும் எவ்வளவு இடைவெளி என்று இன்னொரு இதய மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள். தவறு தெரிந்தால், கட்டண மருத்துவமனை என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இலவச அரசு மருத்துவமனைக்கு அது பொருந்தாது. அங்கே 104 உதவி எண்ணில் புகார், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராதது வாழும் உரிமையை மீறுவது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 1996-இல் மேற்கு வங்க வழக்கில் இழப்பீடே வாங்கிக் கொடுத்திருக்கிறது.