பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு எங்கே போனது?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்தது. நெட்டுக்குப்பத்துக் கரையில் பைபர் போட்டு, வலை, கயிறு எல்லாவற்றிலும் தார் பூசியது மாதிரி கறுப்பு. தொழிலுக்குப் போக முடியவில்லை. பிறகு தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. ஆக மொத்தம் 8.68 கோடி. பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன்: 8 கோடியே 68 லட்சத்து 82 ஆயிரத்து 500. சரியாகத்தான் இருக்கிறது.

அரசின் கணக்கை இப்படி ஒரு துண்டுத் தாளில் சரிபார்த்துவிடலாம். அதே குப்பத்தில் ஒரு வீட்டுக்குள் போய், "அந்த டிசம்பரில் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்? வந்த பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு எதற்குப் போனது?" என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. பாஸ்புக்கில் எல்லாம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் தேட முடியாத இடத்தில் இருக்கிறது.

வீட்டுக் கணக்கு மென்பொருள் என்பது இந்தத் தேடலுக்காகப் பிறந்த சாமான். கூட்டல் கழித்தலுக்குக் கால்குலேட்டர் போதும். நான் இங்கே எடுத்துக்கொள்வது குனூகேஷ். 1998இல் முதல் பதிப்பு வந்தது, இலவசம், மூலநிரலும் திறந்து கிடக்கிறது. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

நம்மூர்க் கணக்குப்பிள்ளைகள் இரண்டு புத்தகம் வைத்திருந்தார்கள். அன்றன்று நடந்ததை வரிசையாக எழுதுவது நாள்வழி. ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. முதல் புத்தகத்திலிருந்து இரண்டாவதற்குக் கையால் பெயர்த்து எழுத வேண்டும். அங்கேதான் தப்பு நுழையும். மென்பொருளில் இரண்டும் ஒன்றே. ஒருமுறை எழுதியதைத் தேதிப்படி காட்டச் சொன்னால் நாள்வழி, கணக்குப்படி காட்டச் சொன்னால் பேரேடு.

நெட்டுக்குப்பத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் போட்டில் போகிறார், மனைவி மீன் விற்கிறார். இருவருக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு. நிவாரணம் 12,500 மனைவியின் கணக்கில் ஏறுகிறது. அதில் 5,000 ரூபாயை வலை வாங்கக் கணவருக்கு யுபிஐயில் அனுப்புகிறார். அவர் அதை வலைக்காரருக்குக் கொடுக்கிறார். இப்போது இரண்டு பாஸ்புக்கிலும் வரவுப் பத்தியை மட்டும் கூட்டுங்கள். 17,500 வரும். வராத ஐயாயிரம் வந்த மாதிரி காட்டும். வங்கியின் குறுஞ்செய்தியைப் படித்துத் தானே கணக்கு எழுதும் செயலிகள் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்.

குனூகேஷ் இரட்டைப் பதிவு முறைப்படி எழுதுகிறது. 1494இல் வெனிஸில் லூக்கா பச்சோலி அச்சிட்டு வெளியிட்ட அதே முறை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் குறைந்தது இரண்டு வரி: பணம் எங்கிருந்து புறப்பட்டது, எங்கே போய்ச் சேர்ந்தது. நிவாரணம் 'வரவு–நிவாரணம்' என்ற கணக்கிலிருந்து புறப்பட்டு மனைவியின் வங்கியில் சேர்கிறது. ஐயாயிரம் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு இடம் மாறுகிறது. வரவுக் கணக்கை அது தொடவே இல்லை. வலைக்குக் கொடுத்தது 'செலவு–வலை'. எனவே வரவு 12,500, செலவு 5,000, மிச்சம் 7,500. மீன் ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணமும் இப்படித்தான். கையில் காசு வந்தாலும் அது வரவில் ஏறாது, கடன் கணக்கில் போய் உட்காரும்.

தேடல் சாளரத்தைத் திறந்தால் விவரம், குறிப்பு, தேதி, தொகை, கணக்கு என்று எதை வைத்து வேண்டுமானாலும் கேட்கலாம். நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டும் போகலாம். 'எல்லாம் பொருந்த வேண்டும்' என்றால் வலை இறுகும், 'ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்' என்றால் தளரும். எனக்கு அதில் பிடித்தது இரண்டாவது தேடல். முதலில் 'டீசல்' என்று தேடி நாற்பது வரி வந்தது என்று வையுங்கள். அடுத்த தேடலை அந்த நாற்பதுக்குள் மட்டும் நடத்தலாம், அந்த நாற்பதோடு வேறொன்றைச் சேர்க்கலாம், அல்லது அதிலிருந்து சிலதைக் கழிக்கலாம். ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசலைக் கழித்தால் போட்டு டீசல் மட்டும் நிற்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தேடல் கண்டுபிடிப்பது வரியை. பொருந்திய வரியைத் திறந்தால்தான் முழுப் பரிவர்த்தனை தெரியும். இது தெரியாமல் அறிக்கை எடுக்கும் புதியவர்கள் ஒரு தடவையாவது திகைப்பார்கள். எல்லாக் கணக்கையும் தேர்ந்தெடுத்து 'பரிவர்த்தனை அறிக்கை' கேட்டால் பக்கம் பக்கமாக வரும், கடைசியில் மொத்தம் பூஜ்யம் என்று நிற்கும். மென்பொருள் கெடவில்லை. ஒவ்வொரு ரூபாயும் ஒரு கணக்கில் கூட்டலாகவும் இன்னொன்றில் கழித்தலாகவும் இருப்பதால் எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம்தான் வரவேண்டும். எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்று முடிவு செய்து அந்தக் கணக்குகளை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். எரிபொருள் செலவு வேண்டுமா, 'செலவு–டீசல்' மட்டும். வங்கியைச் சேர்க்காதீர்கள்.

தேடும் சொல்லிலும் சிக்கல் உண்டு, அது நம் கையால் வருவது. நான் என் வீட்டுக் கணக்கில் 'இறால்' என்று தேடி, ஒரு வருஷத்தில் இவ்வளவுதானா வாங்கினோம் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, பாதி நாள் 'எறா' என்று எழுதியிருக்கிறேன், அவசரத்தில் சில நாள் ஆங்கிலத்தில். விவரத்தில் எதை எழுதினாலும் கணக்கை ஒன்றாக வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். அதையும் 'மளிகை', 'மீன்' என்று மாற்றி மாற்றிப் போட்டிருந்தேன்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. 'கொடுவா' என்ற சொல்லில் வரும் கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாக. திரையில் இரண்டும் ஒரே கொடுவாதான். கணினிக்கு வேறு வேறு எழுத்துத் தொடர். சில மென்பொருள்கள் தேடும்போது இவற்றைச் சமமாக்கிக்கொள்ளும், சில செய்யாது. காலுக்குப் பதில் 'ர' தட்டிவிட்டால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

வங்கி தரும் அறிக்கைக் கோப்பை அப்படியே இறக்கினால் தட்டச்சு வேலை மிச்சம். குனூகேஷ் முன்பு நீங்கள் எந்தச் சொல்லுக்கு எந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நினைவில் வைத்து, அடுத்த முறை தானே பரிந்துரைக்கும். ஆனால் யுபிஐ வரியில் இருப்பது பன்னிரண்டு இலக்க எண்ணும் அனுப்பியவர் பெயரும்தான். அந்த 400 ரூபாய் நண்டுக்கா, பழைய பாக்கிக்கா என்று வங்கிக்குத் தெரியாது; அன்றைக்கே நாம் எழுதினால்தான் உண்டு. கூடையில் வைத்து ரொக்கத்துக்கு விற்றதற்கு அந்த எண்கூட இல்லை. 'கையிருப்பு' என்று ஒரு கணக்கு வைத்து, இரவில் எண்ணிப் பார்த்து மொத்தமாக ஒரு வரியாவது போடவேண்டும். சலிப்பான வேலைதான். செய்கிறவர்கள் குறைவு என்பதும் எனக்குத் தெரியும்.

இத்தனையும் எழுதியிருந்தால் முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். 'வரவு' பகுதியில் எறா, நண்டு, மீன், நிவாரணம் ஆகிய கணக்குகளைத் தேர்ந்தெடுக்கிறோம். தேதி 2023 அக்டோபர் 1 முதல் 2024 மார்ச் 31 வரை. முதல் வரிசை கணக்குப்படி, அதற்குள் தேதிப்படி, மாதாமாதம் உள்கூட்டல். அக்டோபரில் நண்டு எவ்வளவு, டிசம்பரில் எவ்வளவு, மறுபடி எந்த மாதம் பழைய அளவைத் தொட்டது என்று ஒரே பக்கத்தில் இறங்கும். அதே தேதிகளுக்குச் செலவுக்கு இன்னொன்று. தொழிலுக்குப் போகாததால் டீசலும் ஐஸும் படுத்திருக்கும். அரிசி, பள்ளிக்கூடம், வட்டி மூன்றும் அசையாமல் நிற்கும். கடன் கணக்குக்கு மூன்றாவது அறிக்கை எடுத்தால் அந்த இடைவெளியை எது அடைத்தது என்று தெரிந்துவிடும். 7,500 மிச்சம் என்று மேலே எழுதினேனே, அது எத்தனை நாள் தாங்கியது என்பதும் அதில் இருக்கும்.

இந்த அமைப்புகளை ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதற்கும் அந்தச் சேமித்த அறிக்கையையே திறந்து, தேதியை மட்டும் மாற்றினால் போதும்.