பழைய கியர் சைக்கிள் வாங்கலாமா?

நம் துறையில் பாதிப் பேர் சைக்கிளில்தான் வருகிறோம். அதுவும் பெரும்பாலும் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள். அதை விட்டுவிட்டு, யாரோ ஓட்டிப் பழசான 21 கியர் வண்டிக்கு மாறலாமா என்ற ஆசை என்னைப் போலவே பலருக்கும் இருக்கும். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் வேலை கிடைத்து வெளியூர் போகிறார். தன் கியர் வண்டியை 3,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை அல்ல. அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர், மழை பெய்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. "இருக்கற வண்டிக்கு என்ன கொறைச்சல் கண்ணு?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே வண்டியை ஒரு நாள் வாங்கி வந்து, நாம் படித்ததை வைத்தே சோதித்தேன்.

21 கியர் என்றதும் வண்டி பறக்கும் என்று நினைக்கிறோம். பற்களை எண்ணிப் பாருங்கள்! என் பழைய வண்டியில் முன்னால் 44, பின்னால் 18. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் 2.44 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர், ஆகவே சுமார் 5 மீட்டர் போகிறோம். அண்ணன் வண்டியில் முன்னால் 42, 34, 24. பின்னால் 14 முதல் 28 வரை ஏழு. மிகப் பெரிய கியர் 42க்கு 14, அதாவது 3 சுற்று, 6 மீட்டர். வேகத்தில் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான். அதிலும் 42க்கு 24, 34க்கு 20, 24க்கு 14 மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றே, 1.7 சொச்சம். இருபத்தொன்றில் பல இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

ஆனால் மறுகோடியைப் பாருங்கள். 24க்கு 28 போட்டால் ஒரு பெடலுக்கு 1.7 மீட்டர்தான். மெதுவாகப் போகும், ஆனால் முழங்கால் வலிக்காது. உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றில் மேற்கே பார்த்து ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அது. காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், நமக்குத் திண்டாட்டம்! தினமும் 12 கிலோமீட்டர் அந்தக் காற்றில் மிதித்து வந்து முதல் பீரியடில் உட்கார்ந்தால் கண் தானாக மூடுகிறது. எனக்குக் கியர் வேண்டும் என்று தோன்றியது இதனால்தான்.

அடுத்தது தேய்மானம். சைக்கிள் செயினின் பிட்ச் அரை அங்குலம். அப்படியானால் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஸ்டீல் ரூலை வைத்து அளக்கலாம். செயின் "இழுத்துக்கிச்சு" என்பார்கள், உண்மையில் தகடு நீள்வதில்லை, ஒவ்வொரு மூட்டும் தேய்கிறது. 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 கூடியிருந்தால் பின்பக்கப் பிரீவீலின் பற்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் ஏற்றத்தில் அழுத்தும்போது பல்லை விட்டுத் தாவும். நான் அளந்த வண்டியில் 1/8ஐயும் தாண்டியிருந்தது.

பிரேமில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. இரும்பு. அலுமினியமாக இருந்து, ஹேண்டில் குழாய்ப் பற்றவைப்பில் விரிசல் இருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பற்றவைக்கும் சூட்டில் அதன் பலம் குறைந்துவிடும். மறுபடி முறையாக வெப்பப் பதப்படுத்த வேண்டும். நம்ம ஊர்ப் பட்டறையில் அதற்கு வழியில்லை. ரிம்மைத் தடவிப் பாருங்கள். பிரேக் கட்டை உரசும் இடம் குழிந்திருந்தால் ரிம் முடிந்தது. முன்பக்க ஸ்பிரிங் ஃபோர்க்கை நான் ஒரு லாபமாகவே எண்ணவில்லை. பழசானால் துருப்பிடித்து வெறும் எடையாகத் தொங்குகிறது.

டயரில்தான் பலரும் ஏமாறுகிறோம். கடையில் "26" என்று கேட்டால் இரண்டு மூன்று விதம் இருக்கிறது, ஒன்று மற்றதில் ஏறாது. பக்கவாட்டில் 37-590, 50-559 என்று அச்சிட்டிருப்பார்கள். கோட்டுக்குப் பின்னால் உள்ளது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சைக்கிள் கடை மாமாவும் இதைத்தான் சொன்னார்: "கியர் கெடக்கட்டும் தம்பி, சாமான் நம்மூர்ல கெடைக்குமான்னு பாரு."

கேரியர் கிடையாது என்பது இன்னொரு குறை. டிராஃப்டரையும் சோற்றுப் போசியையும் எங்கே வைப்பதாம்?

கணக்கு இதோ: செயின் 300, பிரீவீல் 450, பின் டயர் 400, பிரேக் கட்டையும் கேபிள்களும் 250. ஆக மொத்தம் 1,400. அப்பா தருவதாகச் சொன்னது 3,000. அளந்த தாளை அண்ணனிடமே காட்டி, 1,600 என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றிருக்கிறார்.