ஒரு நாழிகைப் பொறுமை

தமிழ் நாட்டில் ஒருவர் காலையில் ஆறு இட்லியும், பதினோரு மணிக்கு இரண்டு வடையும், மாலையில் ஒரு ரவா தோசையும் சாப்பிட்டிருக்கலாம். இரவு வீட்டுக்கு வந்து, "இன்றைக்கு நான் சாப்பிடவேயில்லை" என்று அவர் சொன்னால் யாரும் அதைப் பொய்யென்று சொல்ல மாட்டார்கள். ஏனென்றால், நம்முடைய கணக்கில் சாப்பாடு என்றால் சாதம், மற்றவையெல்லாம் பலகாரம். இலையில் எத்தனை கறி வகைகள் பரிமாறியிருந்தாலும், நடுவில் அன்னம் வந்து விழுகிற வரையில் நாம் பந்தியில் காத்துக் கொண்டுதானே இருக்கிறோம்?

இப்படிப்பட்ட ஜனங்களைப் பார்த்து வைத்தியர், "ஐயா, இனிமேல் சாதத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள்" என்று சொன்னால் எப்படியிருக்கும்? தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். முதல் மூன்று நாள் விரதம் அமோகமாக நடக்கிறது. நாலாவது நாள் பக்கத்து வீட்டில் வற்றல் குழம்பு கொதிக்கும் வாசனை வருகிறது. ஐந்தாவது நாள் இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது. மறுநாள் காலையில் வீட்டு அம்மாள், "பூனை வந்துவிட்டுப் போயிருக்கிறது" என்கிறாள். எந்தப் பூனை என்பது அவளுக்குத் தெரியும்.

சிரிக்கக்கூடிய விஷயந்தான். ஆனால் வைத்தியர் காரணமில்லாமல் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பின் முடிவு 2023-ம் வருஷம் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர். அதே ஆராய்ச்சியின் மற்றொரு பகுதி 2025-ல் வெளிவந்தது. நம் நாட்டார் உணவிலிருந்து பெறும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே கிடைக்கிறது என்று அது கூறுகிறது. கவனிக்காமல் விட்ட நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் கெடுக்கும் என்பதை அறியாத குடும்பம் இன்று அபூர்வம். ஆகவே, இரவில் உருளும் அந்தப் பாத்திரத்தைப் பற்றிச் சற்று ஆலோசிப்பது அவசியமாகிறது.

இத்தகைய சமயங்களில் நாம் முதலில் சொல்லும் வார்த்தை, "மனசிலே உறுதி வேண்டும், ஐயா!" என்பது. மனோதிடம் இல்லாததால்தான் நாக்கு அலைகிறது என்பது நமது சித்தாந்தம். இது எவ்வளவு தூரம் சரி என்பதற்கு இரண்டு சரித்திரங்களைப் பார்க்கலாம்.

இன்சுலின் மருந்து முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது 1922-ம் வருஷம் ஜனவரி மாதத்தில். அதற்கு முன்பு, கடுமையான நீரிழிவு கண்ட குழந்தைகளுக்குப் பட்டினி ஒன்றே மருந்தாக இருந்தது. நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரெடெரிக் ஆலன் இந்தச் சிகிச்சையை நடத்தினார். அவரிடம் இருந்த நோயாளிகளில் ஒருவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். கண் பார்வையை இழந்தவன். கொடுத்த ஆகாரமோ சொற்பம். ஆயினும் அவனுடைய சிறுநீரில் சர்க்கரை தென்பட்டுக் கொண்டிருந்தது. எப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் உண்மை தெரிந்தது. பற்பசையையும், கூண்டில் இருந்த கானரிக் குருவிக்குப் போட்ட தானியத்தையும் அந்தக் குழந்தை எடுத்துத் தின்றிருந்தது! இதைத் திருட்டு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இரண்டாவது சரித்திரம் 1944-ம் வருஷம் நவம்பரில் ஆரம்பமாயிற்று. அமெரிக்காவில் மினஸோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்பவர் 36 வாலிபர்களைத் திரட்டி, அவர்களை ஆறு மாத காலம் அரைப் பட்டினியில் வைத்துப் பரிசோதித்தார். அவர்கள் யார் தெரியுமா? ஆயுதம் ஏந்துவதற்கு மனச்சாட்சி இடங்கொடாது என்று உலக மகா யுத்தத்திலேயே சேர மறுத்தவர்கள். மனோதிடத்துக்கு அவர்களை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால் வயிறு காய்ந்ததும் அவர்களுடைய பேச்சும் நினைவும் கனவும் சாப்பாடாகவே ஆகிவிட்டன. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார்கள்!

இவற்றிலிருந்து தெரிவது ஒன்றுதான். காலி வயிற்றுக்கு முன்னால் மனோதிடம் நெடுநாள் நிற்காது. ஆகையால், மாவுச்சத்தைக் குறைப்பவர் ஒருகாலும் பசியோடு இருக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான உதாரணமாக லண்டனில் வாழ்ந்த வில்லியம் பாண்டிங் என்பவரைச் சொல்லலாம். அவர் இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் நடத்தும் தொழிலில் பெயர் பெற்றவர். உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். 1862-ல் நிறை 202 பவுண்டு. குனிந்து பாதரட்சையின் கயிற்றைக் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். காது மந்தமாகிறதென்று வில்லியம் ஹார்வி என்ற வைத்தியரிடம் போனார். அவரோ ரொட்டி, சர்க்கரை, உருளைக் கிழங்கு, பீர் முதலியவற்றை விடச் சொன்னார். அவற்றுக்குப் பதிலாக மாமிசமும் மீனும் காய்கறியும் தாராளமாகத் தட்டில் வந்து சேர்ந்தன. ஒரு வருஷத்தில் 46 பவுண்டு குறைந்தது. 1863-ல் அவர் தம் அநுபவத்தைச் சிறு பிரசுரமாக எழுதி வெளியிட்டார். ஸ்வீடன் தேசத்துப் பாஷையில் பத்தியம் இருப்பதற்கு இன்றும் 'பாண்டா' என்ற சொல் வழங்குகிறது. அவர் பெயரிலிருந்து பிறந்ததுதான் அது. பாண்டிங் பட்டினி கிடக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். தட்டிலிருந்து ஒன்று போயிற்று. அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

நம் வீட்டு இலையிலும் அப்படியே செய்யலாம். சாதம் இருந்த இடத்தில் கீரைக் கூட்டு, புடலங்காய்ப் பொரியல், வெண்டைக்காய், முட்டைக்கோஸ், தயிர், பனீர் இவை தாராளமாக வரட்டும். மாமிச உணவு உண்பவர்கள் முட்டையும் மீனும் சேர்த்துக்கொள்ளலாம். மாலையில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை நல்லது. சுண்டலில் மாவுச்சத்து உண்டு என்றாலும் புரதமும் நாரும் சேர்ந்திருப்பதால், சிறு கிண்ணம் அளவில் அது நெடுநேரம் வயிற்றைத் தாங்கும். கொஞ்சம் சாதம் உண்டு என்று வைத்தியர் அநுமதித்திருந்தால், அதைக் கடைசியில் உண்ணுங்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைப் பின்னால் சாப்பிட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் காட்டியிருக்கிறார்கள். இதற்குச் செலவு ஒரு காசு கிடையாது.

இங்கே ஒரு மயக்கத்தையும் தீர்த்துவிட வேண்டும். "சாதத்தை விட்டுவிட்டேன்; இப்போது கேழ்வரகுக் களிதான்" என்று பெருமையுடன் சொல்பவர்கள் பலர். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகில் சுமார் 67 கிராம். கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் என்பது வாஸ்தவமே. ஆனால் களியை அளவில்லாமல் உருட்டி விழுங்கினால் கணக்கு நேராகிவிடும். வெல்லமோ, 100 கிராமில் சுமார் 85 கிராம் மாவுச்சத்து; அநேகமாக முழுவதும் சர்க்கரைதான். நிறம் பழுப்பாக இருப்பதால் குணம் மாறிவிடாது.

சரி, வயிறு நிறைந்தது. அப்புறமும் நாக்கு கேட்கிறதே, அதற்கு என்ன செய்வது? இப்போதுதான் பசி போய்ச் சபலம் வருகிறது. பசிக்கு எது கிடைத்தாலும் சரி. சபலத்துக்கு முறுக்குத்தான் வேண்டும். அதற்கு நேரமும் இடமும் உண்டு. நாலு மணிக் காப்பியோடு வரும். ரேடியோவோ டெலிவிஷனோ முன்னால் உட்கார்ந்தால் வரும். ஆபீஸில் மேலதிகாரி கோபித்துக்கொண்ட தினத்தில் இரட்டிப்பாக வரும். ஒரு வாரம் எப்போதெல்லாம் வருகிறது என்று குறித்துப் பாருங்கள்; அதன் கால அட்டவணை அகப்பட்டுவிடும். வருகிற நேரம் தெரிந்த விருந்தாளியைச் சமாளிப்பது சுலபமல்லவா?

இந்த விருந்தாளிக்கு இன்னொரு குணம்: நெடுநேரம் தங்குவதில்லை. அலையைப் போல எழுந்து, உச்சிக்குப் போய், தானே இறங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஒரு நாழிகைக்குள், அதாவது 24 நிமிஷத்துக்குள், அதன் வேகம் போய்விடும். அந்த ஒரு நாழிகையைக் கடத்துவதே சாமர்த்தியம். சும்மா உட்கார்ந்து, "முறுக்கை நினைக்கமாட்டேன்" என்று சபதம் செய்தால் முறுக்குத்தான் கண்முன் நிற்கும். ஏனென்றால் ஆசை என்பது பெரிதும் மனக்கண்ணில் எழும் சித்திரம். இங்கிலாந்தில் பிளிமத் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் 'டெட்ரிஸ்' என்ற விளையாட்டை மூன்றே நிமிஷம் ஆடியவர்களுக்குத் தின்பண்டம் முதலியவற்றின் மீதிருந்த ஆசையின் வேகம் தணிந்தது. மனக்கண்ணுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் அது முறுக்கை வரைவதை நிறுத்திவிடுகிறது. நம் வீட்டில் புள்ளிக் கோலம் போடலாம், சதுரங்கம் ஆடலாம், பூத் தொடுக்கலாம், தெருக்கோடி வரை நடந்துவிட்டு வரலாம். முக்கியமாக, முறுக்கு டப்பாவைக் கைக்கெட்டாத இடத்தில் வைக்கலாம். வாங்காமலே இருந்தால் இன்னும் விசேஷம்.

"ஆயுள் முழுவதும் இப்படிப் போராட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. 'ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்' என்று நம் பெரியவர்கள் வேறு விஷயத்தைப் பற்றிச் சொன்னார்கள். இதற்கும் பொருந்தும் போலிருக்கிறது. அமெரிக்காவில் மாவுச்சத்தைக் குறைத்தவர்களையும் கொழுப்பைக் குறைத்தவர்களையும் இரண்டு வருஷம் கவனித்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2011-ல் வெளியாயிற்று. மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு மாவுப் பண்டங்களின் மேலிருந்த ஆசை மற்றவர்களுக்கு விட அதிகமாகக் குறைந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்குக் கொழுப்புப் பண்டத்தின் ஆசை குறைந்தது. தீனி போடாத ஆசை நாளடைவில் மெலிந்து போகிறது என்று இதற்கு அர்த்தம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இதை மறந்தால் மேலே சொன்ன யாவும் ஆபத்தாக முடியலாம். இன்சுலின் போட்டுக் கொள்பவர்களுக்கும், சில நீரிழிவு மாத்திரைகள் உண்பவர்களுக்கும், மாவுச்சத்து திடீரென்று குறைந்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, தலை கிறுகிறுப்பு இவற்றோடு வரும் பசி சபலமல்ல. அதற்கு ஒரு நாழிகை பொறுக்கவே கூடாது. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி கழித்துச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 'க்ளிஃப்ளோஸின்' என்று பெயர் முடியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரக நோயாளிகள், கர்ப்பவதிகள் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் இந்தப் பத்தியத்தில் இறங்கலாகாது.

இனி, வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. பத்தியம் ஒருவருக்கு என்றாலும் அது நடக்க வேண்டியது குடும்பத்தில். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, "ஆகா, உருளைக்கிழங்கு வறுவல் என்ன மொறுமொறுப்பு!" என்று புகழ்வதைப் பிள்ளைகள் தவிர்க்கலாம். பாசத்தின் மிகுதியால், "ஒரு கரண்டிதானே, ஒன்றும் செய்யாது" என்று பரிமாறும் பாட்டியம்மாள், அதே பாசத்தைக் கூட்டிலும் பொரியலிலும் காட்டலாம். கல்யாணப் பந்தியில் இலைமேல் கையை நீட்டி மறைப்பவரைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

எப்போதாவது ஒரு நாள் தவறிப் போனால்? வானம் இடிந்து விழாது. "இன்றைக்குத்தான் கெட்டுப் போயிற்றே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அன்று முழுவதும் தின்றுதீர்ப்பதுதான் தவறு. அடுத்த வேளைச் சாப்பாட்டில் மறுபடி தொடங்கிவிட வேண்டும். வீட்டு அம்மாளும் பூனையின்மேல் பழி போடுவதை விட்டு, "ராத்திரி பசித்ததா? நாளைக்குக் கூட்டு இன்னும் கொஞ்சம் அதிகமாக வைக்கட்டுமா?" என்று கேட்கலாம். ஆயிரம் உபதேசம் செய்யாத காரியத்தை அந்த ஒரு கேள்வி செய்துவிடும்.