இணையச் சேவைகளின் தெரிவும் இணைப்பும்

இணையச் சேவைகளின் தெரிவும் இணைப்பும் என்பது, ஒரே பணியைச் செய்யும் பல மென்பொருள் சேவைகளுள் பயனரின் விருப்பத்துக்கும் தரத்துக்கும் ஏற்றவற்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கோத்து ஒரே சேவையாக்கும் முறையாகும். பயணச்சீட்டு முன்பதிவுச் செயலி ஒன்றில் இருக்கை தேடல், பணம் செலுத்தல், குறுஞ்செய்தி அனுப்பல் ஆகியவற்றை வெவ்வேறு நிறுவனங்களின் சேவைகள் செய்யலாம்.

தர அளவுகள்

கட்டணம், மறுமொழி நேரம், கிடைக்கும் தன்மை, நம்பகத்தன்மை ஆகியன முதன்மையான தர அளவுகள். சேவைகளை இணைக்கும்போது இவை ஒரே விதமாகக் கணக்கிடப்படுவதில்லை. கட்டணங்களைக் கூட்ட வேண்டும். சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கினால் நேரத்தையும் கூட்ட வேண்டும். ஒரே சமயத்தில் இயங்கினால் மிக மெதுவானதன் நேரமே மொத்த நேரம். கிடைக்கும் தன்மையைப் பெருக்க வேண்டும். தனித்தனியே 99% கிடைக்கும் மூன்று சேவைகளும் தேவைப்பட்டால், 0.99 × 0.99 × 0.99, அதாவது ஏறத்தாழ 97% மட்டுமே கிடைக்கும். ஆண்டுக்கு 4 நாளுக்கும் குறைவாக இருந்த தடை ஏறத்தாழ 11 நாளாகிவிடும்.

பயனர் விருப்பம்

ஒருவருக்குக் கட்டணம் முக்கியம். கடைசி நாளில் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு நம்பகத்தன்மையே முக்கியம். எனவே ஒவ்வொரு தர அளவுக்கும் பயனர் தரும் முக்கியத்துவம் எடையாகக் கொள்ளப்படுகிறது. அளவுகளை 0 முதல் 1 வரையான பொது அளவுகோலுக்கு மாற்றி, எடைகளால் பெருக்கிக் கூட்டினால் மதிப்பெண் கிடைக்கும்.

தனித்தெரிவும் முழுத்தெரிவும்

ஒவ்வொரு பணிக்கும் சிறந்த சேவையைத் தனித்தனியே எடுத்தால் மொத்தமும் சிறப்பாக அமையும் என்று சொல்ல முடியாது. எடுத்துக்காட்டாக, தேடலுக்கு 1 நொடி, 60 காசு. 2 நொடி, 20 காசு என இரு சேவைகளும், பணம் செலுத்த 1 நொடி, 70 காசு. 3 நொடி, 40 காசு என இரு சேவைகளும் உள்ளன எனக் கொள்வோம். மொத்தச் செலவு 1 ரூபாயைத் தாண்டக் கூடாது. விரைவான இரண்டையும் சேர்த்தால் 130 காசு ஆகிறது. மெதுவான தேடலையும் விரைவான பணம் செலுத்தலையும் சேர்த்தால் 3 நொடி, 90 காசு. வரம்புக்குள் மிக விரைவானது இதுவே.

பணிகள் 5, ஒவ்வொன்றுக்கும் சேவைகள் 10 என்றால் 1,00,000 சேர்க்கைகள் உண்டு. பணிகள் பெருகப் பெருக அனைத்தையும் சோதிப்பது இயலாது. லியாங்சாவ் ஜெங் முதலிய ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு முழுஎண் நிரலாக்க முறையைப் பயன்படுத்தினர். மரபணு வழிமுறை போன்றவை உகந்ததற்கு நெருங்கிய தீர்வை விரைவாகத் தருகின்றன.

வரம்புகள்

கணக்கு சரியாக இருந்தாலும், தரவு தவறானால் தெரிவும் தவறாகும். ஆகவே, சேவை வழங்குநர் விளம்பரப்படுத்தும் தரத்தை மட்டும் நம்பாமல், பயன்பாட்டின்போது அளந்த தரத்தையும் கொள்ள வேண்டும். இயங்கும் வேளையில் ஒரு சேவை நின்றுபோனால் மாற்றுச் சேவையை இணைக்கும் ஏற்பாடும் தேவை.