மடிக்கணினிக்கு ஏற்ற ராம்

ராம் என்னும் நினைவகம் கணினியின் பணிமேசை போன்றது. மேசை சிறிதாயின் வேலை தாமதமாகும். ராமைக் கூட்டி அதனை விரிவாக்கலாம். ஆயினும் எல்லா ராமும் எல்லாக் கணினிக்கும் பொருந்தா.

மடிக்கணினிக்குரிய டிடிஆர்3 அட்டையில் 204, டிடிஆர்4 அட்டையில் 260, டிடிஆர்5 அட்டையில் 262 இணைப்பு முனைகள் உள்ளன. அட்டையின் விளிம்பிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஆதலால், ஒன்றற்குரிய செருகுவாயில் மற்றொன்று நுழையாது. சில கணினிகளில் ராம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனை மாற்ற இயலாது.

மாயாபந்தருக்கு இத்தகைய பொருள்கள் கடல் கடந்தே வருகின்றன. தவறான அட்டையை வாங்கினால், மாற்றிப் பெறப் பல நாள்கள் ஆகும். எனவே, கணினியின் மாதிரி எண், ராம் வகை, அது ஏற்கும் உச்ச அளவு, காலியான செருகுவாய் ஆகியவற்றை முன்னரே அறிந்துகொள்க.

சொற்பொருள்: செருகுவாய் – அட்டையைப் பொருத்தும் இடம்.

வினா: டிடிஆர்4 அட்டை டிடிஆர்5 செருகுவாயில் நுழையாதது ஏன்?