நடுரோட்டில் படுத்த 200 பேர்!

வேலையில்லாதவர்கள் லண்டனைக் கலக்கிய கதை

1938-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி. லண்டன் மாநகரம். கிறிஸ்துமசுக்கு இன்னும் ஐந்தே நாள்.

ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் என்பது சர்க்கஸ் கூடாரம் அல்ல. நகரின் பெரிய பெரிய கடைகள் கூடும் நாற்சந்தி. பண்டிகைச் சாமான் வாங்க வந்த கூட்டம் அலைமோதியது. பஸ்களும் கார்களும் ஊர்ந்து கொண்டிருந்தன. எங்கே பார்த்தாலும் பனி.

திடீர் என்று சுமார் 200 பேர் நடைபாதையில் இருந்து இறங்கினார்கள். வரிசை வரிசையாக நடுரோட்டிலே மல்லாந்து படுத்தார்கள். மேலே போர்வை போல போஸ்டரைப் போர்த்திக் கொண்டார்கள். "வேலை கொடு, அல்லது ரொட்டி கொடு" என்பது போஸ்டரில் இருந்த வாசகம்.

போக்குவரத்து ஸ்தம்பித்தது. போலீசார் ஓடி வந்தனர். ஒருவரைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்தவரைத் தூக்கப் போனால், முதல் ஆள் திரும்பி வந்து படுத்தார்! கடைக்கு வந்த சீமாட்டிகளும், பஸ்சில் இருந்த குமாஸ்தாக்களும் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, கோடீசுவரர்கள் மட்டுமே கால் வைக்கும் ரிட்ஸ் ஓட்டலுக்குள் நூறு பேர் அளவில் நுழைந்தார்கள். பழைய கோட்டு, கிழிந்த பூட்ஸ். வெள்ளை விரிப்பு போட்ட மேஜைகளில் கம்பீரமாக உட்கார்ந்து டீ கேட்டார்கள்!

ஓட்டல்காரர்கள் ஆடிப் போனார்கள். "டீ கிடையாது" என்று கையை விரித்தார்கள். போலீஸ் வந்தது. வந்தவர்கள் ஒரு கண்ணாடித் தம்ளரைக்கூட உடைக்கவில்லை. தங்கள் குறையைச் சொல்லிவிட்டு வெளியேறினார்கள். சொல்ல வந்த சேதி மறுநாள் பத்திரிகைகளில் வந்துவிட்டது.

யார் இவர்கள்? ரவுடிகளா? இல்லை. கப்பல் கட்டியவர்கள். கரி வெட்டியவர்கள். லேத்து மிஷினில் நின்றவர்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரே பட்டம், "வேலையில்லாதவர்".

ஸ்டிரைக் செய்ய முடியாத சங்கம்

வேலையில் இருப்பவனுக்குக் கோபம் வந்தால் ஸ்டிரைக் செய்யலாம். வேலையே இல்லாதவன் எதை நிறுத்துவான்? அவன் சும்மா இருந்தால் யாருக்கு நஷ்டம்? இதுதான் அவர்களுக்கு முன்னால் இருந்த பெரிய கேள்வி.

முதல் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். நெஞ்சிலே மெடல் இருந்தது; வயிற்றிலே பசி இருந்தது. 1921-ல் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் தொகை 20 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டில்தான் வேலையில்லாத் தொழிலாளர்களின் தேசிய இயக்கம் பிறந்தது. அதை ஊர் ஊராகக் கட்டி எழுப்பியவர் வால் ஹானிங்டன். அவரும் வேலை இழந்த ஒரு பட்டறைத் தொழிலாளிதான். கம்யூனிஸ்டு.

"வேலை கொடு, இல்லாவிட்டால் குடும்பம் நடத்தப் போதுமான படி கொடு." இதுதான் கோஷம். தர்மம் அல்ல, உரிமை என்றார்கள்.

அதே ஆண்டில் லண்டனின் கிழக்குப் பகுதியில் உள்ள பாப்லர் நகராட்சியில் ஒரு விசித்திரம் நடந்தது. அங்கே ஏழைகள் அதிகம். அவர்களுக்கு நிவாரணம் கொடுக்கும் செலவை அந்த ஏழைப் பகுதியே வீட்டு வரி போட்டுச் சமாளிக்க வேண்டும். பணக்காரப் பகுதிக்கோ செலவும் குறைவு, வரியும் குறைவு. "இது என்ன நியாயம்?" என்று கேட்ட பாப்லர் கவுன்சிலர்கள், மாநகருக்குக் கட்ட வேண்டிய பங்கைக் கட்ட மறுத்தார்கள்.

ஜார்ஜ் லான்ஸ்பரி உள்பட 30 கவுன்சிலர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அதில் 5 பேர் பெண்கள். ஆறு வாரத்தில் அரசாங்கம் இறங்கி வந்தது. நிவாரணச் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்து கொள்ளச் சட்டம் வந்தது. ஜெயிலில் இருந்து வந்த மின்னி லான்ஸ்பரி மட்டும் நிமோனியாவில் விழுந்து, 1922-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இறந்து போனார். வயது 32.

கவுண்டரில் நடந்த சண்டை

ஊர்வலமும் ரகளையும்தான் பத்திரிகையில் வரும். ஆனால் இயக்கத்தின் அன்றாட வேலை வேறு. அது எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் நடந்தது.

அன்று ஒரு விதி இருந்தது. படி வாங்குகிறவர், தாம் உண்மையாகவே வேலை தேடுகிறோம் என்று நிரூபிக்க வேண்டும். நேற்று எந்தக் கம்பெனிக்குப் போனாய், முந்தாநாள் எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று அதிகாரி குடைவார். கம்பெனிகளே மூடிக் கிடக்கும் ஊரில், பூட்டிய கேட்டுக்குப் பூட்டிய கேட்டு நடந்து காட்ட வேண்டும். பதிலில் தடுமாறினால் படி போச்சு! லட்சக்கணக்கான மனுக்கள் இப்படித் தள்ளுபடி ஆயின.

இங்கேதான் இயக்கம் கை கொடுத்தது. விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்த தொழிலாளிகள் கிளைதோறும் உருவானார்கள். படி மறுக்கப்பட்டவர் அப்பீல் செய்தால், பக்கத்திலே போய் நின்று வக்கீல் மாதிரி வாதாடினார்கள். வக்கீல் பீசு கிடையாது. உறுப்பினர் கொடுத்தது வாரம் ஒரு பென்னி சந்தாதான்.

கூட்டம் போட்டும், நடைபயணம் போயும், அப்பீலுக்கு மேல் அப்பீல் செய்தும் அந்த விதியைத் தாக்கினார்கள். 1930-ல் அரசாங்கமே அதை எடுத்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்த சோதனை

ஒன்று போனால் ஒன்று வந்தது. 1931-ல் உலகப் பொருளாதார நெருக்கடி. அரசாங்கம் படியில் 10 சதவீதம் வெட்டியது. வாரம் 17 ஷில்லிங் வாங்கிய ஆண் தொழிலாளிக்கு 15 ஷில்லிங் 3 பென்ஸ்தான்.

அதைவிடக் கொடுமை "மீன்ஸ் டெஸ்ட்". ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால், வீட்டின் மொத்த வரும்படியையும் சோதிப்பார்கள். மகன் வேலைக்குப் போகிறானா? அப்பாவின் படியில் வெட்டு. மகள் கடையில் நிற்கிறாளா? அதையும் கணக்கில் சேர். கையிலே கொஞ்சம் சேமிப்பா? அதைத் தின்று தீர்த்துவிட்டு வா!

அதிகாரி வீட்டுக்கே வந்து மேஜை நாற்காலியை நோட்டம் விட்டார். அக்கம் பக்கத்தில் விசாரித்தார். பிள்ளை சம்பாத்தியத்தில் சாப்பிடும் நிலைக்கு ஆளான தகப்பன்மார் கூனிக் குறுகிப் போனார்கள். அப்பாவின் படியைக் காப்பாற்ற வேண்டி, சம்பாதிக்கும் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறி வேறு இடத்தில் குடியிருந்த சம்பவங்களும் உண்டு. வயிற்றில் மட்டும் அல்ல, மானத்திலும் அடி விழுந்தது.

1932-ல் நாலா பக்கத்தில் இருந்தும் லண்டனை நோக்கிப் பசி நடைபயணம் புறப்பட்டது. பர்ன்லி நகரில் இருந்து பெண்கள் அணி ஒன்றும் வந்தது. வழியில் இரவு தங்க அனாதைச் சத்திரங்கள்தான். அங்கே நாடோடிப் பிச்சைக்காரர்களுக்கு என்று தனி விதி உண்டு. உடலைச் சோதனை போடுவார்கள். தங்கியதற்குக் கூலியாக வேலை வாங்குவார்கள். "நாங்கள் பிச்சைக்காரர்கள் அல்ல" என்று நடைபயணத்தார் அந்த விதியை ஏற்க மறுத்தார்கள்.

அக்டோபர் 27-ந் தேதி ஹைடு பார்க்கில் மக்கள் வெள்ளம். குதிரைப் போலீஸ் குண்டாந்தடியுடன் பாய்ந்தது. பத்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்டதாக இயக்கம் சொன்ன மனுவை, பார்லிமெண்டுக்குப் போய்ச் சேரும் முன்பே போலீசார் பறிமுதல் செய்தனர். ஹானிங்டனுக்கு 3 மாதம் ஜெயில்.

டாம் மேன் என்ற முதுபெரும் தொழிற்சங்கத் தலைவரையும் பிடித்தார்கள். வயது 76. நன்னடத்தை ஜாமீன் எழுதிக் கொடு என்றார்கள். மாட்டேன் என்றார். 2 மாதம் உள்ளே போனார். அவர் மேல் பாய்ந்த சட்டங்களில் ஒன்று 1361-ல் போட்டது!

போலீஸ் அடித்த அடி வீண் போகவில்லை. அதைக் கண்டு கொதித்த ரொனால்டு கிட் என்பவர், 1934-ல் மக்கள் உரிமைக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த நடைபயணத்தின்போது எழுத்தாளர்களும் பிரமுகர்களும் கூட்டத்தில் நின்று போலீசைக் கண்காணித்தார்கள். "லிபர்ட்டி" என்ற பெயரில் அந்தக் கழகம் இன்றும் இயங்குகிறது.

அரசாங்கம் பணிந்த நாள்

1935 ஜனவரி. நெடுநாள் வேலையில்லாதவர்களின் படியை உள்ளூர் கமிட்டிகளிடம் இருந்து பிடுங்கி, புதிய மத்திய போர்டு ஒன்றின் கையில் கொடுத்தது அரசாங்கம். நாடு முழுவதும் ஒரே அளவு என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஏராளமான குடும்பங்களுக்கு முன்பு வந்ததைவிடக் குறைவு!

நாடு கொந்தளித்தது. தெற்கு வேல்ஸ் நிலக்கரிப் பகுதியில் பிப்ரவரி 3-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு ஊர் ஊர்வலம். லட்சக்கணக்கில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். வேலையில் இருந்தவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து நடந்தார்கள். கடைக்காரர்களும் பாதிரியார்களும் கூட வந்தார்கள். தொழிலாளியின் பையில் காசு இல்லாவிட்டால், கடைக்காரர் கல்லாவிலும் காசு இல்லையே!

மறுநாள் மெர்த்தர் நகரில் பெண்கள் முன்னால் நின்றார்கள். போர்டின் ஆபீசுக்குள் கூட்டம் புகுந்தது. ஜன்னல்கள் நொறுங்கின. காகிதங்கள் கிழிந்து பறந்தன.

அதற்கு அடுத்த நாள், பிப்ரவரி 5-ந் தேதி, தொழிலாளர் மந்திரி ஆலிவர் ஸ்டான்லி பார்லிமெண்டில் எழுந்தார். வெட்டு நிறுத்தி வைக்கப்படும் என்று அறிவித்தார். பழைய தொகை, புதிய தொகை இரண்டில் எது அதிகமோ அதுவே வழங்கப்படும்!

மந்திரிசபையே பணிந்தது. அடுத்த புது விதிகளைக் கொண்டு வர 1936 நவம்பர் வரை அரசாங்கத்துக்குத் துணிவு வரவில்லை.

எல்லா நடையும் ஜெயித்துவிடவில்லை. அதே 1936 அக்டோபரில், கப்பல் தளம் மூடப்பட்ட ஜாரோ நகரில் இருந்து 200 பேர் லண்டனுக்கு நடந்தார்கள். இது இயக்கம் நடத்திய பயணம் அல்ல. அந்த ஊர் நகராட்சியே முன் நின்று அனுப்பியது. கூடவே எம்.பி. எல்லன் வில்கின்சன் அம்மையார். மனுவில் 11 ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து. பிரதமர் பால்டுவின் அவர்களைச் சந்திக்கவே மறுத்துவிட்டார்.

ஊர் திரும்பியவர்களுக்கு இன்னொரு அடி காத்திருந்தது. நடந்த நாட்களுக்குப் படியில் வெட்டு! காரணம்? ரோட்டில் நடந்து கொண்டிருந்தவர்கள், வேலை வந்தால் சேரத் தயார் நிலையில் இல்லையாம். வேலை கேட்டு நடந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்!

கறுப்புச் சவப்பெட்டி

இத்தனை அனுபவத்துக்குப் பிறகுதான் 1938 டிசம்பரில் லண்டன்காரர்கள் ரோட்டிலே படுத்தார்கள். அப்போது கேட்டது ஆகாயத்தையா? குளிர்கால உபரிப் படி. கரி வாங்கி வீட்டில் அடுப்பு மூட்டக் காசு. அவ்வளவுதான்.

புத்தாண்டுக்கு முந்தின இரவு, தெருவெல்லாம் ஆட்டமும் பாட்டமுமாக இருந்தபோது, அவர்கள் ஒரு கறுப்புச் சவப்பெட்டியைத் தூக்கிக் கொண்டு வந்தார்கள். குளிர்கால நிவாரணம் கிடைக்காமல் செத்தவன் இதற்குள் இருக்கிறான் என்று எழுதியிருந்தது. கொண்டாடியவர்கள் ஒரு நிமிடமாவது திரும்பிப் பார்த்தார்கள்.

மறு வருஷமே போர் வந்தது. இயக்கம் நின்றது. அத்தனை காலம் இல்லை இல்லை என்ற வேலை, பீரங்கி செய்யவும் குண்டு செய்யவும் மளமளவென்று முளைத்தது. அமைதி நாளில் கிடைக்காத வேலை போர் நாளில் கிடைத்தது.

ஆனால் கவுண்டரில் நின்று போராடியவர்களின் கணக்கில் ஒரு வரவு பாக்கி இருந்தது. அது 1941-ல் வந்தது. மொத்தக் குடும்ப வரும்படியையும் அளந்து பார்க்கும் மீன்ஸ் டெஸ்ட் சட்டப்படி ஒழிந்தது. அப்போது தொழிலாளர் மந்திரி, தொழிற்சங்கத்தில் இருந்து வந்த எர்னஸ்ட் பெவின்.

மகன் சம்பளத்தைக் காட்டி அப்பாவின் தட்டில் கை வைக்கும் வழக்கம் அதோடு போயிற்று. பத்து ஆண்டு பிடித்தது.